செவ்வியல் தொன்மவியல் அறிமுகப் பாடம்: மூன்றாம் வாரத்திலேயே மூச்சு முட்டுகிறது, தொடரலாமா?

நீலத்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் முதன்மைப் பாடம் கணிதம். இந்தப் பருவத்தில் விருப்பப் பாடமாகக் கிரேக்க, உரோமத் தொன்மவியல் அறிமுகப் பாடத்தை எடுத்திருக்கிறேன். சிறுவயதில் ஹெர்குலிஸ் கதைகளை விழுந்து விழுந்து படித்தவன். அந்த ஆசையில்தான் சேர்ந்தேன்.

மூன்று வாரங்கள் முடிந்துவிட்டன. இதுவரை பழங்கிரேக்கக் கவிஞர் ஹீசியாட் கடவுளரின் பிறப்பைப் பாடிய ‘தியோகனி’ மட்டும்தான் படித்திருக்கிறோம். ஆயிரத்துச் சொச்சம் அடிகள்தான். ஆனால் அடிக்கு ஒரு பெயர் வருகிறது. நெரியஸ் என்ற கடல் முதியவரின் ஐம்பது மகள்களும் வரிசையாக வருகிறார்கள். அவர்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்து ஓர் இரவு முழுவதும் போய்விட்டது.

அதைவிடப் பெரிய குழப்பம் வேறொன்று. தியோகனியில் காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி கடல் நுரையிலிருந்து பிறக்கிறாள். ஹோமரின் இலியட் காவியத்தில் அவள் கடவுளரின் அரசன் ஜீயஸுக்கும் டையோனி என்ற தெய்வத்துக்கும் பிறந்த மகள். எது சரி என்று வகுப்பில் கேட்டேன். “இரண்டும்” என்று பேராசிரியர் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். இரண்டும் சரியென்றால் தேர்வுத்தாளில் நான் எதை எழுதுவது?

பாடத்தை விட்டு விலக இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது. இதைப் படித்து முடித்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.


பாதிமதி எழுதியது:

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்தேன். முதல் மாதம்தான் கடினம். தியோகனியைத் தாண்டிவிட்டால் கதை மாந்தர் குறைவு, கதை அதிகம். அந்த ஐம்பது பேரையும் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.


கரும்பலகை எழுதியது:

இந்தப் பாடத்தின் கலந்துரையாடல் வகுப்புகளை நான்கு ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நீலத்திரை, விலக வேண்டாம். நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட கேள்விதான் இந்தப் பாடம் முழுவதும். மூன்றாம் வாரத்திலேயே அதில் போய் முட்டிக்கொண்டீர்கள் என்றால் சரியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் பெயர்கள். தியோகனியைக் குலமுறைப் பட்டியலாகப் பார்த்தால் தலை சுற்றும். அதற்கு ஒரு முதுகெலும்பு உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வானமாகிய யுரேனஸ் தன் பிள்ளைகளை வெளியே வரவிடாமல் பூமியாகிய கையாவுக்குள்ளேயே திணித்து வைக்கிறான். வலி தாங்காத தாய் அரிவாள் செய்து கொடுக்கிறாள். மகன் குரோனஸ் தந்தையின் ஆண்குறியை அறுத்து எறிகிறான். ஆட்சி அவன் கைக்கு வருகிறது. தந்தை பிள்ளைகளைத் தாயின் வயிற்றில் விட்டுவைத்ததால்தான் கெட்டான் என்பதைக் கண்டவன் போல, குரோனஸ் பிறக்கும் குழந்தைகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறான். மனைவி ரேயா துணியில் சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்றிக் கடைசிக் குழந்தையைக் காப்பாற்றுகிறாள். அவன்தான் ஜீயஸ். ஜீயஸ் இன்னும் ஒரு படி முன்னே போகிறான். அவன் பிள்ளையை விழுங்கவில்லை, கருவுற்றிருந்த மெட்டிஸையே விழுங்கிவிடுகிறான். அவள் பெயருக்குச் சூழ்ச்சித் திறன், மதிநுட்பம் என்று பொருள். மகள் அதீனா அவன் தலையிலிருந்து வெளிவருகிறாள். அவனை வீழ்த்தவிருந்த மகன் பிறக்கவே இல்லை.

மூன்று தலைமுறைகள், வயிற்றைப் பற்றிய மூன்று முடிவுகள். இந்தக் கோட்டைத் தாளில் வரைந்துவிட்டு மறுபடி படியுங்கள். பெயர்களில் எது கிளை, எது இலை என்பது தானாகத் தெரியும். கணிதம் படிப்பவருக்கு இந்த அமைப்பு என்னைவிட விரைவாகப் பிடிபடும்.

அடுத்து அஃப்ரொடைட்டி. தேர்வில் “அஃப்ரொடைட்டி கடல் நுரையில் பிறந்தவள்” என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். “ஹீசியாடில் நுரையில் பிறந்தவள், இலியட்டின் ஐந்தாம் பாகத்தில் டையோனியின் மகள்” என்று எழுதிவிட்டு, அந்தந்தக் கவிஞனுக்கு அந்தப் பிறப்பு ஏன் தேவைப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். ஹீசியாடில் அவள் அறுபட்ட உறுப்பைச் சூழ்ந்த நுரையிலிருந்து எழுகிறாள். வன்முறையும் இச்சையும் ஒரே இடத்தில் ஊற்றெடுக்கின்றன. ஹோமரில் போர்க்களத்தில் கையில் காயம்பட்டுத் தாயின் மடிக்கு ஓடிவரும் மகளாக அவள் தேவைப்படுகிறாள். ஓடிவர ஒரு தாய் வேண்டுமே! கதை சொல்பவனின் தேவையிலிருந்து கதையைப் படிக்கப் பழகுங்கள். பருவம் முழுவதும் இது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறீர்கள்.


வினாக்குறி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இதை நாம் ஏன் ‘புராணம்’ என்று சொல்லாமல் ‘தொன்மம்’ என்கிறோம்? கிரேக்கப் புராணம் என்றுதானே பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்?


கரும்பலகை எழுதியது:

இரண்டும் புழக்கத்தில் உண்டு. நான் வகுப்பில் ‘தொன்மம்’ என்றே சொல்வேன், அதற்குக் காரணம் இருக்கிறது. புராணம் என்றதும் நமக்கு ஒரு நூல் நினைவுக்கு வருகிறது. தலைப்பு உண்டு, ஓதுவோர் உண்டு, புனிதம் உண்டு. கிரேக்கர்களிடம் அப்படி ஒரு நூல் இல்லை. ஹோமரை எல்லோரும் கற்றார்கள், ஆனால் அவர் சொன்னதை மாற்றிச் சொல்வது குற்றமாகக் கருதப்படவில்லை. ஒவ்வோர் ஊரும், ஒவ்வொரு விழாவும், ஒவ்வொரு நாடகாசிரியனும் கதையைத் தன் பங்குக்கு மாற்றினார்கள். ‘முதொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே ஹோமரில் ‘பேச்சு’, ‘சொன்ன சொல்’ என்ற பொருளில்தான் வருகிறது. ‘கட்டுக்கதை’ என்ற வாடை பிற்பாடு ஏறியது.

செனோஃபனீஸ் என்ற சிந்தனையாளர் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே, மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கை இருந்து வரையத் தெரிந்தால் தங்கள் கடவுளரை மாடு போலவும் குதிரை போலவும் வரைந்திருக்கும் என்று எழுதினார். தொன்மங்களைக் கேள்வி கேட்பதும் அந்தக் காலத்திலேயே உடன்பிறந்தது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் கிரேக்கமும் இலத்தீனும் படித்தவன். மொழிபெயர்ப்பில் மட்டும் நடத்தப்படும் அறிமுகப் பாடங்கள் மாணவனுக்குப் பெரிய இழப்பு என்றே இன்றுவரை நினைக்கிறேன். இலியட்டின் முதல் சொல் ‘மேனின்’. சினம். காவியம் அந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதே ஒரு செய்தி. பல மொழிபெயர்ப்புகளில் அது மூன்றாவது சொல்லாகவோ நான்காவது சொல்லாகவோ போய்விடுகிறது. தவிர, ஹோமரில் ‘மேனிஸ்’ (அதே சொல்லின் அகராதி வடிவம்) என்பது பெரும்பாலும் தெய்வங்களின் சினத்துக்கான சொல். மனிதர்களில் அது காவியத்தின் நாயகன் அக்கிலீஸுக்கு உரியதாக வருகிறது. வெறும் ‘கோபம்’ என்று படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

பன்னிரண்டு வாரத்தில் ஹீசியாட், ஹோமர், மூன்று நாடகாசிரியர்கள், வர்ஜில், ஓவிட் என்று ஓடுவதைவிட ஒரே நூலை ஆழமாகப் படிப்பது மேல்.


பாதிமதி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் இழப்பு உண்மை. ஆனால் அந்த ஓட்டமான பாடம் இல்லையென்றால் நான் கிரேக்கம் கற்கத் தொடங்கியே இருக்கமாட்டேன். ‘மேனின்’ பற்றி எனக்குச் சொன்னதும் அந்த அறிமுகப் பாடத்தின் ஆசிரியர்தான். வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் போக முடியாது அல்லவா?

மூல மொழி தெரியாதவர்கள் ஒன்று செய்யலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘பெர்சியஸ்’ மின்னூலகத்தில் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு முக்கியமான சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பார்க்கலாம். முழு மொழியும் வேண்டியதில்லை. என் முதல் கட்டுரையை அப்படித்தான் எழுதினேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல வழி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை அப்படியே எடுத்துக் கட்டுரை முழுக்கக் கட்டிவிடாதீர்கள். அந்த விபத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.


முகில்வண்ணம் எழுதியது:

நானும் இதே பாடத்தை இப்போது படிக்கிறேன், வேறு பல்கலைக்கழகம். எங்களுக்கு மெடூசாவைப் பற்றிக் கட்டுரை. எனக்குத் தெரிந்த வரை உண்மையான கதை இதுதான்: மெடூசா அழகான பெண். கடல் கடவுள் பொசைடன் அதீனாவின் கோயிலில் அவளை வன்புணர்கிறான். அதீனா குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவளைப் பாம்புத்தலையாக மாற்றுகிறாள். ஆண்கள் எழுதிய பிற்காலக் கதைகள்தான் அவளை அரக்கியாக்கின. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவே இல்லை. இந்தக் கோணத்தில் எழுதலாமா?


கல்தச்சன் எழுதியது:

எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் காலவரிசை தலைகீழாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எழுதினால் கட்டுரை முதல் பக்கத்திலேயே உடைந்துவிடும்.

நீங்கள் சொன்ன கதை உரோமக் கவிஞர் ஓவிடின் ‘மெட்டமார்ஃபசிஸ்’ நான்காம் பாகத்தில் வருவது. அவர் அந்தக் காவியத்தை முடித்தது ஏறத்தாழ கி.பி. 8ஆம் ஆண்டில். அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஹீசியாடில் மெடூசா பிறப்பிலேயே கோர்கன் என்னும் அரக்கி. போர்கிஸ், கீட்டோ என்னும் கடல் தெய்வங்களின் மகள். மூன்று சகோதரிகளில் அவளுக்கு மட்டும் சாவு உண்டு. பொசைடன் அவளோடு கூடியது கோயிலில் அன்று, வசந்த மலர்கள் நிறைந்த புல்வெளியில். அங்கே தண்டனையும் இல்லை, உருமாற்றமும் இல்லை.

நான் படித்தது கலை வரலாறு, ஆகவே படங்களையும் சொல்கிறேன். கோர்ஃபூ தீவில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில், கி.மு. 580ஐ ஒட்டிய காலத்தில் செதுக்கிய பெரிய கோர்கன் சிற்பம் இருக்கிறது. விரிந்த கண்கள், தொங்கும் நாக்கு, இடுப்பில் முடிச்சிட்ட பாம்புகள். பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கிறாள். அவளுடைய பிள்ளைகள் பெகாசஸும் கிரிசேயோரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். கதைப்படி அவள் தலை வெட்டப்பட்ட பிறகுதான் அவர்கள் பிறக்கவேண்டும், இங்கே தலையோடு இருக்கும் தாயின் அருகில் இருக்கிறார்கள். சிற்பிக்குக் கதையின் ஒரு கணம் தேவைப்படவில்லை, அவளுடைய ஆற்றல் முழுவதும் தேவைப்பட்டது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் முகம் மாறுகிறது. கி.மு. 490இல் பாடிய ஒரு பாட்டிலேயே கிரேக்கக் கவிஞர் பிண்டார் அவளை ‘அழகிய கன்னத்தவள்’ என்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 450–440 காலத்துச் செவ்வுருவக் கலம் ஒன்று உண்டு. அதில் மெடூசா சாதாரண இளம்பெண்ணாக அயர்ந்து தூங்குகிறாள். அவளைக் கொல்ல வந்த வீரன் பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கழுத்தில் அரிவாளை வைக்கிறான். அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்திருங்கள். ஓவிடுக்கு வெகு முன்பே யாரோ ஒரு கலைஞன் அவளுக்காக இரங்கத் தொடங்கிவிட்டான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓவிடில் அந்த வன்புணர்ச்சிக் கதையைச் சொல்வது யார்? கவிஞர் தன் குரலில் சொல்லவில்லை. விருந்தில் ஒருவர் கேட்க, பெர்சியஸ் சொல்கிறான். அவளைக் கொன்றவன். அவளைக் கொன்றவன் வாயிலிருந்து அவளுக்கு நேர்ந்த கொடுமை வெளிவருகிறது, அடுத்து வேறு பேச்சு தொடங்கிவிடுகிறது. உங்கள் கட்டுரைக்கு இதைவிட வலுவான இடம் கிடைக்காது.


முகில்வண்ணம் எழுதியது:

கல்தச்சன் அண்ணா, மிக்க நன்றி. ‘உண்மையான கதை’ என்ற சொல்லை நான் பயன்படுத்தியிருக்கவே கூடாது. பெர்சியஸ் சொல்கிறான் என்பதை நான் கவனிக்கவே இல்லை. மறுபடி படித்தேன். கை நடுங்கியது.


பாதிமதி எழுதியது:

முகில்வண்ணம் சொன்னதைத் தொட்டு ஒன்று. இந்தப் பாடத்தில் இது போன்ற பகுதிகள் நிறைய வரும். ஓவிடில் மட்டும் ஐம்பதுக்குக் குறையாத இடங்களில் ஒருவர் இன்னொருவரைத் துரத்துவதோ பலவந்தப்படுத்துவதோ நடக்கிறது. சில பழைய மொழிபெயர்ப்புகள் அதை ‘காதல்’ என்றும் ‘கவர்ந்தான்’ என்றும் பூசி மெழுகுகின்றன. நாம் தமிழில் குறிப்பெடுக்கும்போதும் ‘கவர்ந்து சென்றான்’ என்று கை தானாக எழுதிவிடும். நான் அதை நிறுத்திக்கொண்டேன். ‘இழுத்துச் சென்றான்’ என்றால் அப்படியே எழுதுவேன். ஓவிடே மறைக்கவில்லை. அப்பல்லோ துரத்த டாஃப்னி ஓடும்போது அவளுடைய அச்சத்தை அவர் அடி அடியாகச் சொல்கிறார்.


வினாக்குறி எழுதியது:

கோட்பாட்டு வாரங்கள் பயனுள்ளவையா? உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட், மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ், நாட்டார் கதை ஆய்வாளர் பிராப் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. கதைகளைப் படிக்கத்தானே வந்தோம்?


கரும்பலகை எழுதியது:

பயன் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பயன் அல்ல. ஒவ்வொரு கோட்பாடும் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி என்ற உரிமையோடு வரும். எந்தப் பூட்டில் அது திரும்ப மறுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸையே எடுங்கள். ஃபிராய்ட் எடுத்துக்கொண்டது சோஃபோக்ளீஸின் நாடகத்தை. அதில் உண்மை தெரிந்ததும் தாய் தூக்கிட்டுக்கொள்கிறாள், மகன் கண்களைக் குத்திக்கொள்கிறான். ஒடிசியின் பதினோராம் பாகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தாயின் பெயர் எபிகாஸ்டி. அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள், ஆனால் ஈடிபஸ் துன்பத்தோடு தீபிஸை ஆண்டுகொண்டே இருக்கிறான். கண்ணைக் குத்திக்கொண்டான் என்ற பேச்சே இல்லை. யூரிப்பிடீஸின் ‘ஃபினீசியப் பெண்கள்’ நாடகத்தில் உண்மை வெளிப்பட்டு நெடுங்காலம் கழித்தும் தாய் உயிரோடு இருக்கிறாள். கண்ணிழந்த ஈடிபஸ் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். ‘ஈடிபஸ் கதை’ என்று ஒருமையில் சொன்ன கணத்திலேயே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நேர் எதிராக, எல்லா வடிவங்களும் சேர்ந்ததுதான் தொன்மம், ஃபிராய்டின் விளக்கமும் அவற்றில் ஒன்று என்றார். அவருடைய அட்டவணையை நான் ஏற்கவில்லை. அந்தக் கூற்றை ஏற்கிறேன்.

அறிஞர்கள் எவ்வளவு உறுதியோடு தவறியிருக்கிறார்கள் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. மதுவின் தெய்வம் டயோனைசஸ் கிழக்கிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த அந்நிய தெய்வம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். யூரிப்பிடீஸின் ‘பாக்கை’ நாடகத்தில் அவர் ஆசியாவிலிருந்து வருகிறார், அதை வரலாறாகவே எடுத்துக்கொண்டார்கள். 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தைப் படித்துக் காட்டினார். பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகைகளில், கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, டயோனைசஸின் பெயர் இருந்தது. ஆக, ‘எப்போதும் புதிதாக வந்து சேர்பவர்’ என்பது அந்தத் தெய்வத்தின் இயல்பு. எப்போது வந்தார் என்பதற்கான சான்றாக அதைக் கொள்ள முடியாது. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.


நீலத்திரை எழுதியது:

நான் விலகவில்லை. மூன்று தலைமுறைக் கோட்டை வரைந்தேன். உண்மையிலேயே தெளிந்துவிட்டது. இந்த வாரம், இன்றைய துருக்கியில் வாழ்ந்த ஹிட்டைட் மக்களின் கதை படித்தோம். வானக் கடவுள் அனுவின் ஆண்குறியைக் குமார்பி கடித்து விழுங்க, அவன் வயிற்றில் புயல் கடவுள் உருவாகிறான். அவர்களின் தலைநகர் ஹட்டூசாவில் கிடைத்த களிமண் பலகைகள், ஹீசியாடுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. நான் வரைந்த அதே கோடு! அப்படியானால் ஹீசியாட் இதைப் பார்த்து எழுதினாரா?


கரும்பலகை எழுதியது:

பலகையைப் பார்த்து எழுதியிருக்க வழியில்லை. ஹட்டூசா கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தில் கைவிடப்பட்டது. ஆனால் கதை பலகையில் மட்டும் வாழ்வதில்லை. வணிகர், கைவினைஞர், பாடகர், இருமொழி பேசும் தாய்மார் என்று வாய்வழி நகர்ந்திருக்கும். ஒற்றுமையைக் கண்டதும் ‘கடன்’ என்று முடித்துவிடாமல், ஹீசியாட் எதை மாற்றினார் என்று கேளுங்கள். குமார்பி கதையில் ஆணின் வயிற்றில் குழந்தை உருவாகிறது. ஹீசியாடில் அது இரண்டாகப் பிரிந்து, குரோனஸின் வயிறாகவும் ஜீயஸின் தலையாகவும் ஆகிறது.


நீலத்திரை எழுதியது:

தேர்வில் படங்களைக் காட்டி அடையாளம் கேட்பார்களாம். கலங்களில் எல்லா ஆண்களும் தாடியோடு ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?


கல்தச்சன் எழுதியது:

முகத்தைப் பார்க்காதீர்கள். கையில் என்ன இருக்கிறது, தோளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிங்கத்தோலும் கதாயுதமும் என்றால் ஹெராக்ளீஸ் (உரோமர் சொல்லும் ஹெர்குலிஸ்). பாம்பு விளிம்பு கொண்ட மார்புப் போர்வை என்றால் அதீனா. அகன்ற விளிம்புத் தொப்பியும் பாம்பு சுற்றிய கோலும் ஹெர்மீஸுக்கு. திராட்சைக் கொடியும் கிண்ணமும் டயோனைசஸுக்கு. மூன்று முனை ஈட்டி பொசைடனுக்கு. பெர்சியஸ் என்றால் தோளில் பை இருக்கிறதா என்று பாருங்கள், தலையைப் போட்டுக்கொள்ளும் பை அது. பல கலங்களில் ஓவியனே பெயர்களை எழுதியிருப்பான். கிரேக்க எழுத்துகளை மட்டும் ஒரு மாலையில் கற்றுக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

ஃபிளாரன்ஸில் இருக்கும் ஃபிரான்சுவா கலத்தைக் கட்டாயம் பாருங்கள். கி.மு. 570ஐ ஒட்டியது, 1844இல் கிடைத்தது. கிளைட்டியாஸ் வரைந்தார், எர்கோட்டிமோஸ் வனைந்தார். ஒரே கலத்தில் ஏறத்தாழ 270 உருவங்கள், அவற்றில் பலவற்றுக்குப் பெயர் எழுதியிருக்கிறது. பெலியஸ் திருமண ஊர்வலம், கலிடோன் பன்றி வேட்டை, தீசியஸ், அக்கிலீஸ் என்று ஒரு பருவத்துப் பாடமே அதைச் சுற்றி ஓடுகிறது. 1900இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் வீசிய முக்காலி பட்டு அது 638 துண்டுகளாக நொறுங்கிப்போனது. மறுபடியும் ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் தொன்மங்களும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் நம் கையில் இருக்கின்றன. சில துண்டுகள் வேறு எங்கோ இருக்கின்றன.


வினாக்குறி எழுதியது:

கையேட்டு நூல் ஏதாவது முதலில் படித்துவிட்டு மூல நூலுக்குப் போவது நல்லதா?


பாதிமதி எழுதியது:

என் அனுபவத்தில், வேண்டாம். சுருக்கங்களைப் படித்தால் எல்லாக் கதைகளும் ஒரே மட்டத்தில் தட்டையாகிவிடும். அக்கிலீஸின் குதிகால் இலியட்டில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் நான் போனேன். இலியட்டில் குதிகாலும் இல்லை, மரக்குதிரையும் இல்லை, அக்கிலீஸின் சாவும் இல்லை. காவியம் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. அக்கிலீஸைத் தாய் ஸ்டிக்ஸ் ஆற்றில் நனைத்ததை கி.பி. முதல் நூற்றாண்டு உரோமக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் எழுத்தில் காண்கிறோம். பண்டோராவிடம் இருந்ததும் பெட்டியன்று, பெரிய மண் தாழி. பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் செய்த மொழிபெயர்ப்பில் தாழி பெட்டியானது. கையேட்டைக் கையேடாக, பின்னால் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் பாதிமதியோடு முழு உடன்பாடு. ஒரு சிறு திருத்தம்: அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் ‘நூலகம்’ என்ற தொகுப்பும் கையேடுதான், ஆனால் கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அதுவே ஆராயத்தக்க மூல நூல். சிதறிய கதைகளை ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற ஆசை பழங்காலத்திலேயே இருந்தது என்பதற்குச் சான்று. பாசேனியஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி. குரோனஸ் கல்லை விழுங்கியது போன்ற கதைகளைத் தொடக்கத்தில் வெறும் பேதைமை என்று எண்ணியதாகவும், ஆர்க்கேடியாவுக்கு வந்த பிறகு, பழங்கால அறிஞர்கள் நேரடியாகப் பேசாமல் விடுகதையாகப் பேசினார்கள் என்று மனம் மாறியதாகவும் அவரே எழுதுகிறார். ஒரு வாசகர் தன் வாசிப்பு மாறியதைப் பதிவு செய்த அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.


நீலத்திரை எழுதியது:

பருவம் முடிந்துவிட்டது. இந்த இழையைத் திறந்தவன் நான், நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இறுதிக் கட்டுரைக்கு விளைச்சலின் தெய்வம் டிமீட்டரையும், பாதாள அரசன் இழுத்துச் சென்ற அவள் மகள் பெர்செபொனியையும் எடுத்துக்கொண்டேன். ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலையும் ஓவிடின் ஐந்தாம் பாகத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். ஓவிடில் வீனஸ் (அஃப்ரொடைட்டியின் உரோமப் பெயர்) தன் ஆட்சியைப் பாதாளம் வரை விரிக்க விரும்பி மகனை அம்பு எய்யச் சொல்கிறாள். இடம் சிசிலி. பாதாளத்தில் மகள் தின்ற மாதுளை விதைகள் ஏழு. ஆண்டு சரிபாதியாகப் பிரிகிறது. துதிப்பாடலில் அம்பும் இல்லை, இச்சையும் இல்லை. தந்தை ஜீயஸ் பாதாள அரசனான தன் தமையனுக்கு மகளைக் கொடுத்துவிடுகிறான், அவ்வளவுதான். மகளையும் கேட்கவில்லை, தாயையும் கேட்கவில்லை. அங்கே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, இரு பங்கு மேலே.

நான் எழுதியது ‘யாருக்குத் தெரியும்’ என்பதைப் பற்றி. துதிப்பாடலில் மகள் கத்துகிறாள். ஹெக்கட்டி என்ற தெய்வம் தன் குகையிலிருந்து குரலைக் கேட்கிறாள், ஆனால் பார்க்கவில்லை. சூரியன் பார்க்கிறான், ஆனால் தேடிவந்து கேட்கும் வரை சொல்லவில்லை. தாய் ஒன்பது நாள் தீவட்டிகளோடு அலைகிறாள், அவளிடம் உண்மையைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. கதையின் வலி முழுவதும் தகவல் எப்படிப் பகிரப்படுகிறது என்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பிறகு டிமீட்டர் எலூசிஸ் என்ற ஊரில் கிழவி வேடத்தில் ஒரு வீட்டுக் குழந்தையை வளர்க்கிறாள். இரவில் நெருப்பில் வைத்து அதைச் சாகாதவனாக்கப் பார்க்கிறாள். பெற்ற தாய் ஒளிந்து பார்த்து அலறுகிறாள், எல்லாம் கெட்டுவிடுகிறது. அங்கேயும் அரைகுறையாகத் தெரிந்துகொண்ட ஒரு தாய்தான்.

இந்தப் பாடலை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது 1777இல் மாஸ்கோவில் கண்டெடுத்த ஒரே ஒரு கையெழுத்துப் படி என்று பேராசிரியர் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தப் படி அழிந்திருந்தால் நமக்கு ஓவிடின் வடிவம்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ‘உண்மையான கதை’ அதுதான் என்று நானே நம்பியிருப்பேன்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. கரும்பலகை அவர்களுக்கும் கல்தச்சன் அண்ணாவுக்கும் பாதிமதி அக்காவுக்கும் ஏட்டுச்சுவடி ஐயாவுக்கும் நன்றி. ஐயா, கிரேக்க எழுத்துகளைக் கற்றுவிட்டேன். விடுமுறையில் எதைப் படிக்கலாம்?


முகில்வண்ணம் எழுதியது:

வாழ்த்துகள்! என் மெடூசா கட்டுரையும் நல்லபடியாக முடிந்தது. தூங்கும் மெடூசாவின் படத்தை முதல் பக்கத்தில் வைத்தேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நீலத்திரை, மிக்க மகிழ்ச்சி. தகவல் எப்படிப் பகிரப்படுகிறது என்ற கோணம் எனக்குப் புதிது. துதிப்பாடலை அப்படிப் பார்த்ததில்லை, இன்று இரவு மறுபடி படிக்கப்போகிறேன். மொழிபெயர்ப்புப் பாடங்களைப் பற்றி மேலே நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்கு வேறெங்கும் போகவேண்டாம். அதே தொகுப்பில் மொத்தம் முப்பத்துமூன்று துதிப்பாடல்கள் இருக்கின்றன. ஹெர்மீஸ் பாடலை எடுங்கள், முதலில் மொழிபெயர்ப்பில், பிறகு மூலத்தில் பத்துப் பத்து அடிகளாக. விடியலில் பிறந்த குழந்தை, நண்பகலில் ஆமையோட்டில் யாழ் செய்து மீட்டுகிறது, மாலையில் அப்பல்லோவின் மாடுகளைத் திருடுகிறது. திருடிய மாடுகளைப் பின்னோக்கி நடத்திச் சென்று சுவடுகளைத் தலைகீழாக்கும் அடிகளை அடைந்ததும் இங்கே எழுதுங்கள். அந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேசவேண்டும்.